கிச்சாப்புக்கு முடி வெட்டிய சனிக்கிழமை

அத்தியாயம் 12

போன வாரம் உஷாராணியை எங்கே விட்டோம்? சமையலறை வாசலில், கையில் போனோடு, வாயடைத்துப் போய் நின்றவளாக விட்டோம். பேசிவிட்டு வைத்தவர் அவள் கணவர் பாலன். தீபாவளிக்கு மறுவாரம், "பிரிக்பீல்ட்ஸ்ல தம்பி வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்று ஒரே ஒரு பையோடு கிளம்பிப் போன மனிதர். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பொங்கலும் போய்விட்டது, தைப்பூசமும் போய்விட்டது, அந்தக் 'கொஞ்ச நாள்' மட்டும் தீர்ந்தபாடில்லை.

அப்படிப்பட்டவர் போன் செய்து என்ன சொன்னார்?

"தாமரை வீடியோ அனுப்புனா. நாயைப் பார்க்கவே சகிக்கல. உனக்குப் பாத்துக்கத் தெரியல உஷா. சனிக்கிழமை சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போறேன்."

எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கிடையாது.

இதோ, அந்தச் சனிக்கிழமை விடிந்துவிட்டது.

நாயின் பெயர் கிச்சாப். ஸ்பேனியல் ஜாதி. காது இரண்டும் தோளைத் தொடும், கண் இரண்டும் எப்போதும் எதையோ பறிகொடுத்த கண்ணாக இருக்கும். கிச்சாப் என்கிற சோயா சாஸ் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்த நிறம் என்பதால் மகள் தாமரை வைத்த பெயர் அது. கல்யாணமாகி அவள் செராஸுக்குப் போனபோது, அங்கே கொண்டோ அடுக்குமாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள் என்று கிச்சாப் கிள்ளானிலேயே தங்கிவிட்டது. பாலன் சாயங்காலம் நடக்கக் கூட்டிப் போவார். உஷாராணி சோறு வைப்பாள். இப்போது இரண்டும் அவள் வேலைதான்.

வேலை என்று அவள் நினைத்ததே இல்லை. இன்றைக்குச் சாம்பாரில் முருங்கைக்காய் போடலாமா என்று கேட்பதற்கும் ஒரு முகம் வேண்டுமே! கிச்சாப் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்கும். அவள் சொல்வதை எல்லாம் கேட்கும். அதுவும் போய்விட்டால், மேரு ரோட்டுப் பக்கத்துத் தெரஸ் வரிசை வீட்டில் அவள் குரலைக் கேட்க ஓர் உயிர் கிடையாது. பாத்துக்கத் தெரியல என்று சொன்ன வாய் மூடிப்போகும்படி, சாயங்காலத்துக்குள் நாயைப் பளிச்சென்று ஆக்கிக் காட்ட வேண்டும். அவள் நினைப்பு முழுக்க அதுதான்.

கடை திறந்ததும் திறக்காததுமாக கிச்சாப்பை மைவி காரில் ஏற்றிக்கொண்டு, நாய்க்கு முடி வெட்டும் கடைக்குப் போய் நின்றாள். கடையில் மலர் என்று ஒரு பெண். சூயிங்கம் மென்றபடி நாயின் முதுகில் கையை வைத்தவள், வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள்.

"ஆன்டி, என்னா ஆன்டி இது, கையில ஒட்டுது?"

"எண்ணெய்ம்மா. நல்லெண்ணெய். லிட்டில் இந்தியாவுல வாங்குறது, கலப்படம் இல்லாதது."

"நாய்க்கா?"

"வாராவாரம் தேய்ச்சுக் குளிப்பாட்டுறேன். சனிக்கிழமை சனிக்கிழமை."

ஏன் சனிக்கிழமை என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. கிச்சாப் கடுவன். கணக்கில் உஷாராணி தப்பவே மாட்டாள்.

பாலன் போன பிறகு நாய் சரியாகச் சாப்பிடவில்லை. உடம்பைச் சொறிந்தது. கேட் அருகிலேயே படுத்துக் கிடந்தது. உஷாராணி பார்த்தாள், உடம்புச் சூடு என்று முடிவு கட்டினாள். சூட்டுக்கு எண்ணெய்க் குளியலை விட்டால் வேறு என்ன இருக்கிறது? புருஷனும் பிள்ளையும் தலையில் ஒரு சொட்டு வைக்க விட்டதில்லை. பிசுபிசுவென்று இருக்கிறது என்று ஓடுவார்கள். இந்த வாயில்லா ஜீவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. கழுத்து, முதுகு, தொடை என்று அவள் நீவி நீவித் தேய்த்தாள். சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினாள். அவள் கை இன்னொரு உடம்பைத் தொட்டது அந்த ஒரு நாளில்தான். அதனால் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள் என்றே சொல்லலாம்.

"முடி எவ்ளோ அடர்த்தியா வளந்திருக்கு பாரு" என்றாள் இப்போது மலரிடம், கொஞ்சம் பெருமையாகவே.

"அய்யோ ஆன்டி, இது அடர்த்தி இல்ல, சிக்கு. எண்ணெய் போகவே இல்ல. தூசியும் சீயக்காயும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பிக்கிச்சு. உள்ள தோலுக்குக் காத்தே போகல." மலர் முன்னங்காலின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு நாளும் உறுமாத கிச்சாப் 'வவ்' என்று திரும்பி அவள் கையைக் கவ்வப் பார்த்தது.

"வலிக்குது அவனுக்கு" என்றாள் மலர் பின்வாங்கியபடி. "மொத்தமா எடுத்துரணும் ஆன்டி. இன்னிக்கு ஃபுல். அடுத்த வாரம்தான் இடம் இருக்கு. அதுவும் கடிக்கிற நாய்னா ஓனர் ஒத்துக்கணும்."

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆகணும்மா. தயவு பண்ணி..."

"அப்போ வீட்டுலயே பண்ணுங்க லா. இந்தாங்க, முடி எடுக்குற இந்த கிளிப்பர் மெஷின் போதும். இப்ப குளிப்பாட்டாதீங்க, தண்ணி பட்டா சிக்கு இன்னும் இறுகிரும். பிளேடு சூடாகும், அப்பப்ப உங்க மணிக்கட்டுல வெச்சுப் பாருங்க. கத்தரிக்கோல் மட்டும் கிட்டயே கொண்டு போகாதீங்க. சிக்கோட சேர்ந்து தோலும் தூக்கிட்டு வரும், தெரியாம வெட்டிருவீங்க."

உஷாராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காரில் ஏறியதும்தான் கண்ணில் நீர் முட்டியது. ஆசை ஆசையாகத் தேய்த்த கையாயிற்றே! அந்தக் கைதானா அதற்கு வலியைக் கொடுத்தது?

வீட்டுக்கு வந்து கார் போர்ச்சில் பிளாஸ்டிக் மேசையைப் போட்டாள். வழுக்காமலிருக்க அதன் மேல் பாத்ரூம் ரப்பர் மேட். கிச்சாப்பைத் தூக்கி வைத்தாள். போனைச் செடித்தொட்டியில் சாய்த்து வைத்து மகளைக் கூப்பிட்டாள்.

திரையில் தாமரை வந்தாள், பட்டுப்புடவையில். செராஸில் மாமியார் வீட்டு நாத்தனாருக்கு வளைகாப்பு.

"மா, நான் யூடியூப் பார்த்துட்டேன். ஸ்விட்ச் போடாம முதல்ல அவனை மோந்து பார்க்க விடு."

கிச்சாப் மோந்து பார்த்தது. தும்மியது.

"இப்ப ஆன் பண்ணு. வெட்டாத. பின்பக்கத்தைச் சும்மா அவன் தோள் மேல வை. சத்தம் பழகட்டும்."

'கிர்ர்ர்' என்றதும் நாய் நடுங்கியது. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா ராஜா" என்று உஷாராணியும் நடுங்கினாள். இரண்டு பேரில் யார் யாருக்குத் தைரியம் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"முடி வளர்ற பக்கமாவே கொண்டு போ மா. பிளேடைப் படுக்க வெச்சு. குத்தாத."

முதுகில் முதல் இழுப்பு. பயந்ததற்கு மாறாக, சிக்கு பிடித்த முடி கல்லிலிருந்து தோசை கிளம்புவதுபோல் ஒரே தகடாகக் கிளம்பி வந்தது. "ஆஹா!" என்றாள் தாமரை. உஷாராணி ஆஹா சொல்லவில்லை. அடியில் தெரிந்த தோலைப் பார்த்தாள். ரோஸ் நிறத் தோலில் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது.

"ஐயோ சாமி... இவ்ளோ புண்ணையும் வெச்சுக்கிட்டா என் மேல வந்து படுத்த நீ?"

"மா, அழாத மா. கையி ஆடும்."

ஒரு பக்க முதுகு முடிந்தது. உஷாராணிக்குக் கை பழகப் பழக, மனதில் கிடந்ததும் வாய்க்கு வந்துவிட்டது.

"ஏம்மா, இவனை இப்படிப் பளிச்சுனு பார்த்தா உங்கப்பா என்ன சொல்வாரு? வந்தவரு அப்படியே இங்கயே இருந்துட்டார்னா? கருவாடு கத்திரிக்காய் வெச்சிருக்கேன். அவருக்குப் பிடிக்கும்."

தாமரை புடவைத் தலைப்பைச் சரி செய்தாள்.

"மா... அத்தை கூப்பிடுறாங்க. அப்புறம் பேசுறேன். பார்த்துப் பண்ணு, சரியா?"

திரை இருண்டது. அத்தை கூப்பிட்டது உஷாராணியின் காதில் விழவில்லை. வளைகாப்பு வீடு, ஆயிரம் வேலை இருக்கும் என்று அவளே மகளுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தனியாகத் தொடர்ந்தாள். வயிறு, தொடை, வால். கிளிப்பர் சூடாகும்போதெல்லாம் நிறுத்தி, மணிக்கட்டில் வைத்துப் பார்த்து, ஆறும்வரை நாய்க்கு ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தாள். போர்ச் தரை முழுக்கப் பழுப்பு முடி. முன்வீட்டு இராஜம்மா கேட்டைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்து, "என்னா உஷா, ஆட்டுக்குட்டி வாங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வேறு நாளாக இருந்தால் உஷாராணி அவளை உட்காரவைத்துப் பேசியிருப்பாள். இன்றைக்கு நேரமில்லை.

வலது பக்கம் முடிந்து இடது காதுக்கு வந்தபோது சனி பிடித்தது. காதின் பின்னால் ஒரு சிக்கு, பாக்கு அளவில் தொங்கியது. கிளிப்பரோ கை வைக்க முடியாத சூடு. நேரமோ ஓடுகிறது. இந்த ஒன்றுதானே, லேசாக நறுக்கிவிட்டால் என்ன என்று சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். மலர் படித்துப் படித்துச் சொன்னது அந்த நேரத்தில் அவள் காதில் ஏறவே இல்லை.

ஒரே நறுக்கு. கிச்சாப் 'கீ' என்று கத்தியது.

தலையை உதறியது பாருங்கள், சுவரெல்லாம் ரத்தம். அவள் நைட்டியில், கேட்டில், மைவியின் கதவில் எல்லாம் பொட்டுப் பொட்டாக ரத்தம். உள்ளே ஓடி மஞ்சள் தூள் டப்பாவையே தூக்கி வந்து, காதில் கொட்டி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மேசையோடு சாய்ந்து நின்றாள். நாய் திமிறவில்லை. இவ்வளவும் செய்தவளின் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டது.

"நான் ஒரு பாவி" என்றாள் அதன் தலையில் கன்னத்தை வைத்தபடி. "உன்னைக் கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல. அவரு சொன்னது சரிதான் போல."

ரத்தம் ஒருவழியாக நின்றது. அப்போது பார்த்து வாசலில் கார் நின்றது. சாயங்காலம் என்றவர் மூன்று மணிக்கே வந்துவிட்டார்.

பாலன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார், நின்றார். ஒரு பக்கம் வழுவழுவென்று, மறுபக்கம் காடாக, ஒரு காது மட்டும் மஞ்சளாக ஒரு நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. அந்த வாலில் பாதிதான் முடி இருந்தது.

அவர் முகம் கோணியது. திட்டப் போகிறார் என்று உஷாராணி தோளைக் குறுக்கிக்கொண்டாள். மனிதர் சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன உஷா இது! இவனுக்குக் காது குத்துறியா, மொட்டை அடிக்கிறியா?"

அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் முந்திக்கொண்டது. இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து எத்தனை காலமாயிற்று!

பாலன் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு மேசையின் மறுபக்கம் வந்து, நாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ வெட்டு. நான் பிடிச்சுக்கிறேன்."

அவர் பிடித்தார், அவள் வெட்டினாள். கால் மடிப்பில் தோலை அவர் இழுத்துப் பிடிக்க, அவள் கிளிப்பரைப் படுக்கவைத்து மெல்ல ஓட்டினாள். அவர் சட்டையில் வேறு சோப்பு வாசனை. இஸ்திரி மடிப்பும் வேறு; கை மடிப்பு நேராக விழவில்லை. யார் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது.

"உங்க தம்பி சபாபதி வீட்டுல சாப்பாடெல்லாம் எப்படி?"

"ம்ம். இருக்கு."

"மெலிஞ்சுட்டீங்க."

"இந்த விரலுக்கு நடுவுல பாரு. முடி இருக்கு."

பேச்சு அவ்வளவுதான். ஆனால் உஷாராணிக்கு அது போதுமானதாக இருந்தது. மனம் இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும், பந்திப்பாய் விரித்து இலையே போட்டுவிடும். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது, அரிசி ஊறப்போட்டால் போதும் என்றெல்லாம் அவள் கணக்குப் போட்டுவிட்டாள்.

கடைசிக் காலும் முடிந்தது. கிச்சாப் கீழே குதித்து, புது உடம்போடு போர்ச்சைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பாதி உருவம்தான் இருந்தது, ஆனால் சுத்தமாக இருந்தது. உஷாராணி பால் சேர்க்காத கோப்பி ஓ கலந்து வந்தாள். பாலன் வாங்கிக் குடித்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றார்.

"அப்போ அவன் இங்கயே இருக்கட்டும்தானே?"

பாலன் கோப்பையைப் பார்த்தார்.

"தம்பி பிளாட்ல நாய் வெச்சுக்கவும் விடமாட்டாங்களே" என்றாள் அவள், வழி எடுத்துக் கொடுப்பவள்போல.

"அங்க இல்ல உஷா. காஜாங்ல ஒரு தரை வீடு எடுத்திருக்கேன். வாடகைக்குத்தான். அடுத்த மாசம் போறேன். பின்னால இவன் ஓட இடம் இருக்கு."

உஷாராணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நேராகவே கேட்டாள்.

"யாரு கூட?"

"யாரு கூடயும் இல்ல. தனியா."

யாராவது ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்ற ஓர் ஆள் கிடைத்திருப்பாள். யாருமே இல்லாத ஒரு வீட்டுக்காக அல்லவா இவளை விட்டுப் போகிறார்!

"நான் என்ன பண்ணேன்னு சொல்லிட்டாவது போங்க."

"நீ ஒண்ணும் பண்ணல. யாரும் ஒண்ணும் பண்ணல." அவர் குரல் உண்மையாகவே தாழ்ந்திருந்தது. "ராத்திரிதான் ரொம்பத் தனியா இருக்கு. கதவைத் திறந்தா ஓடி வர ஒண்ணு இருந்தாத் தேவலைன்னு தோணுது. அதான் இவனைக் கேட்கிறேன்."

உஷாராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"தனியா இருக்க முடியலன்னா வீட்டுக்குத் திரும்பி வரணும்னு உங்களுக்குத் தோணல. நாய் வேணும்னு தோணுது."

அவர் சுவரில் மாட்டியிருந்த நாய்க் கயிற்றை எடுக்கக் கை நீட்டினார். அவள் முந்திக்கொண்டு அதை எடுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் நீட்டிய கைக்கு எதையும் இல்லை என்று சொல்லாதவள் அவள்.

"கிச்சாப் வரமாட்டான்."

"என்ன உஷா..."

"வரமாட்டான். உடம்பெல்லாம் புண்ணு. தினமும் மருந்து போட்டுப் பார்க்கணும். நான் பண்ண தப்பு, நான்தான் சரி பண்ணணும். எனக்கும் ராத்திரி தனியாத்தாங்க இருக்கு. உங்களுக்காவது அது நீங்களா போய்த் தேடிக்கிட்டது. நான் எங்கயும் போகல. இருந்த இடத்துலயே இருந்தேன்."

பாலன் குனிந்து நாயின் நெற்றியைத் தடவினார், கோப்பையைச் சுவரோரம் வைத்தார், கேட்டை நோக்கி நடந்தார். கிச்சாப் கேட் வரைக்கும் கூடவே போய், கார் கிளம்பும் இடத்தைப் பார்த்து நின்றது. அதை அவளால் பார்க்க முடியவில்லை.

கார்க் கதவைத் திறந்தவர் திரும்பினார்.

"தாமரை உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருப்பான்னு நெனச்சேன் உஷா. அதான் நான் போன்ல ஒண்ணும் சொல்லல."

"அவளுக்குத் தெரியுமா?"

"அந்த வீட்டைப் பார்த்துக் குடுத்ததே அவதானே."

கார் மேரு ரோட்டை நோக்கித் திரும்பி மறைந்தது. உஷாராணி துடைப்பத்தை எடுத்து வந்து முடியைக் கூட்டத் தொடங்கினாள். கூட்டக் கூட்டக் காற்று அதை மறுபடி பரப்பிவிட்டது. பாதியில் விட்டுவிட்டு, படியில் உட்கார்ந்தாள். கிச்சாப் வந்து அவள் காலில் சாய்ந்தது. முடியில்லாத உடம்பு சூடாக இருந்தது.

செடித்தொட்டியில் போன் அடித்தது. தாமரை. வீடியோ கால்.

அவள் அதை எடுத்தாள்.

"மா! முடிஞ்சிருச்சா? காட்டு காட்டு, கிச்சாப்பைக் காட்டு மா!"

உஷாராணி போனை நாயின் பக்கம் திருப்பவில்லை. தன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டாள்.

"காஜாங் வீட்டுல ஹால் பெருசாம்மா?"

தாமரையின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்குப் பின்னால் வளைகாப்பு வீட்டுப் பெண்கள் பேசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லும்மா" என்றாள் உஷாராணி. "எனக்கு அவசரமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."